இடது பையில் ஒரு புளியங்கொட்டை

ஒன்றுதான் இருக்கிறது. இடது பைக்குள் விரலை விட்டு தையல் ஓரம் வரைக்கும் துழாவிப் பார்த்துவிட்டேன், ஒரே ஒரு புளியங்கொட்டை. மற்றதெல்லாம் வலது பைக்குப் போய்விட்டது, நான் அசைகிறபோதெல்லாம் அங்கே கலகலவென்று சத்தம். காலையில் எழுபத்தைந்தை எண்ணி இடது பையில் போட்டேன். வைசாலி ஒரு பந்து எறிந்தால் ஒரு கொட்டை இடமிருந்து வலம் போக வேண்டும், இடது பை காலியானால் அவளுடைய வேலை முடிந்தது, யார் அழுதாலும் சரி, தோற்றாலும் சரி, எறிகிற ஆளை மாற்றிவிட வேண்டும். அது சட்டம். நானே ஒத்துக்கொண்ட சட்டம். இப்போது கடைசி இன்னிங்ஸ், நாங்கள் நான்கு ரன், அவர்கள் மூன்று ரன், அவர்களில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஓர் ஆள். அந்த ஆளும் அவுட்டானால் மாவட்டக் கோப்பை எங்களுக்கு, மாநிலப் போட்டிக்கு நாங்கள். ஓர் ஆள், ஒரு கொட்டை. எந்தச் சாமி உட்கார்ந்து போட்ட கணக்கு இது! உள்ளங்கை வேர்த்துக் கொட்டை வழுக்குகிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் குச்சி ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டே இருக்கிறார், நிறுத்துங்களேன் அண்ணா ஒரு நிமிடம். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பளை, பீட்டி டீச்சர், கழுத்தில் விசில், பத்து நிமிடமாக ஒற்றைக் காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருக்கிறேன். என்ன விளையாட்டு என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பேஸ்பால் என்று சொன்னால், கிரிக்கெட்டுல ஏன்மா வட்டமா ஓடறீங்க என்று கேட்பார்கள். ஆமாம், வட்டமாகத்தான் ஓடுகிறோம். எறிகிறவள் நடுவில் மண்மேட்டில் நிற்பாள், அடிக்கிறவள் கோட்டை விட்டால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட், அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது, திரும்பக் கிளம்பிய இடத்துக்கு, அதற்கு வீடு என்று பேர், வந்தால் ஒரு ரன். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குள் என் உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தத் தொல்லை முழுக்க இந்துஜாவால் வந்தது. இல்லை, பாவம், கிரிக்கெட்டால் வந்தது. முதல் பேஸில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், அடுத்தவள் அடித்த பந்து உருண்டு நேராக இந்துஜாவிடம் வந்தது, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிறவள் அவள், குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்தாள், ஆட்டம் முடிந்தது என்று நான் கையைத் தூக்கிவிட்டேன். முதல் பேஸில் பூவிழி கையுறையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். அடித்தவள் அங்கே வந்து சேருவதற்குள் அவளுக்குப் போட வேண்டும், அவள் நெஞ்சுக்கு, அவள் பிடித்தால் அவுட். இந்துஜா போட்டது தரைக்கு. தரையில் கிடக்கிற அந்த வெள்ளைச் சதுரத்துக்கு. அண்ணன் தம்பிகளோடு தெருவில் ஆடி வளர்ந்த கை, ஸ்டம்பைக் கண்டால் சும்மா இருக்குமா, பேஸை ஸ்டம்பு என்று நினைத்துக் குறி பார்த்து அடித்தாள். நல்ல குறி. சதுரத்தின் நட்ட நடுவில் பட்டது. பட்டு என்ன புண்ணியம், பூவிழியின் காலுக்கடியில் எகிறி வேலிக்கு ஓடியது, அவர்கள் ஆட்கள் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் போய் நின்றுகொண்டு கை தட்டுகிறார்கள். இனி ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், நாலுக்கு ஐந்து, நாங்கள் பஸ் ஏற வேண்டியதுதான். மூன்று வருடமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேன், பேஸைப் பார்க்காதே, ஆளைப் பார். யாரைச் சொல்லி என்ன. எங்கள் முதல் போட்டியில், வைசாலி ஒன்பதாம் வகுப்பு அப்போது, பந்தை அடித்துவிட்டு மட்டையோடேயே ஓடி முதல் பேஸில் குனிந்து அதை நீட்டித் தேய்த்தாள், அம்பயர் சிரித்துச் சிரித்து முகமூடியைக் கழற்றிவிட்டார். அதைவிடக் கேவலம், மட்டையை நீட்டு நீட்டு என்று கத்தியதே நான்தான். மூன்று நாள் பயிற்சி முகாமும் ஒரு போன் நிறைய வீடியோவும், அதுதான் என் படிப்பு. அந்த வைசாலியா இது? மண்மேட்டில் நிற்கிறாள் பார், ஒல்லிக் குச்சி, பன்னிரண்டாம் வகுப்பு, எண்ணெய் வழிகிற ஜடை, வேகப் பந்து போட்டால் கேட்சரின் கையுறையில் பட்டாசு வெடிக்கிறது. நான் செய்த பிள்ளை. சரி, பெற்றது அவள் அம்மா. எறியச் சொல்லிக் கொடுத்தது நான்.

ஒரு கொட்டை, அப்படியானால் ஒரு பந்து. ஒரு பந்துக்கு இடம் இருக்கிறது, சட்டப்படி இருக்கிறது, நான் ஏமாற்றவில்லை. ஒரே பந்தில், அடிக்க வந்து நிற்கிற அந்த ஏழாம் நம்பர் நெட்டைச்சி மேலே தூக்கியடித்து யாராவது பிடித்துவிட்டால் முடிந்தது. பிடிக்காவிட்டால்? முதல் பந்து போட்டுவிட்டு நடுவில் எப்படி மாற்றுவது, இன்னும் இரண்டு போடட்டும், இரண்டுதானே, இரண்டு பந்தில் கை கழன்று விழுந்துவிடுமா என்று தோன்றும். தோன்றும், எனக்குத் தோன்றும், என்னை எனக்குத் தெரியும். ஆனால் உறுத்துவது அதுவல்ல. நாலாவது இன்னிங்ஸ். நாலாவது இன்னிங்ஸில் வைசாலி வரிசையாக மூன்று பேரைச் சாய்த்தாளே, ஒருத்திக்கும் மட்டையில் காற்றுகூடப் படவில்லை, நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? குதித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தட்டினேன், தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டேன், ஸ்கோர் எழுதுகிற பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு கையும் மேலே இருந்தால் கொட்டையை நகர்த்தியது யார்? யாரும் நகர்த்தவில்லை. அப்புறம் ஞாபகம் வந்து இரண்டோ மூன்றோ எடுத்து வலது பையில் போட்டேன். மூன்று பேரைச் சாய்க்க ஒன்பது பந்தாவது வேண்டும். அப்படியானால் இந்தக் கொட்டை, நான் இவ்வளவு நேரமாகத் தடவிக்கொண்டிருக்கிற இந்தக் கொட்டை, இது இங்கே இருக்கவே கூடாது, இது எப்போதோ போயிருக்க வேண்டியது, நான் மறந்துபோனதால் மிச்சமான கொட்டை. மறந்துதான் போனேனா? ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து வந்தபோது வைசாலி இடது கையால் தண்ணீர் குடித்தாள். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால். பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்து யார் அடிக்கப் போவது என்று பட்டியலைப் பார்த்தேன்.

அங்கே ஜீவிதா உட்கார்ந்திருக்கிறாள். வேப்பமர நிழலில், நீலச் சுடிதார், மடியில் நோட்டு. காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள், நான் கூப்பிடவில்லை. போன வருடம் இதே மைதானம், இதே இறுதிப் போட்டி, மண்மேட்டில் அவள். முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரைக்கும் அவளே எறிந்தாள். முடியுமா கண்ணு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன், முடியுமுங்க மிஸ் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள், கேட்டுவிட்டோமே என்று நிம்மதியாக உட்கார்ந்துகொண்டேன். பதினேழு வயதுப் பிள்ளை முடியாது என்று என்றைக்குச் சொல்லியிருக்கிறது. ஜெயித்தோம், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினேன், கோப்பையோடு போட்டோ எடுத்தோம், போட்டோவில் அவள் கோப்பையை இடது கையால் பிடித்திருக்கிறாள். மாநிலப் போட்டியில் அவளால் ஒரு பந்துகூட எறிய முடியவில்லை. முழங்கை நார் கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஜடை பின்ன வராது அவளுக்கு, தங்கச்சி பின்னிவிடுகிறாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டிருந்தால் தேவலை. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சர்டிபிகேட்டால்தான் மிஸ் சீட்டு கெடச்சுது என்று நன்றி வேறு சொன்னார்கள். இந்த வருடம் ஜூன் மாதம் ஜீவிதா ஒரு துணி முடிப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை. எழுபத்தஞ்சு இருக்குதுங்க மிஸ், தீந்தா மாத்திருங்க. அவ்வளவுதான் சொன்னாள். போன வருடம் நீ எத்தனை எறிந்தாய் என்று நான் கேட்டிருக்கலாம். நூறு தாண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நூறு தாண்டி எவ்வளவு என்று தெரியாது, தெரிந்துகொள்ளப் பயம். ஒரு வருடமாகப் பயம். இப்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை, வைசாலியைத்தான் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே நோட்டில் ஒரு கோடு போடுகிறாள்.

எழுந்து நடக்கிறேன். எப்போது எழுந்தேன்? ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி அம்பயரிடம் காட்டுகிற கை என் கைதான். அம்பயர் தலையாட்டுகிறார். பெஞ்சிலிருந்து மண்மேட்டுக்கு முப்பது தப்படி தூரம் இருக்குமா, மைதானம் முழுக்கப் பார்க்கிறது, அவர்கள் பக்கத்தில் டிரம் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏய் கற்பகம், திரும்பிப் போ, சும்மா தைரியம் சொல்ல வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போ. காலையில் ஆறு மணிக்கு வைசாலியின் அம்மா போன் போட்டாரே. கோழிப்பண்ணையிலிருந்து, பின்னால் ஆயிரம் கோழி கத்துகிறது, மிஸ் எம்புள்ளையெ முழு ஆட்டமும் ஆட உட்ருங்க, இவ ஜெயிச்சாத்தான் காலேஜு, இல்லீன்னா என்கூட முட்டை பொறுக்கத்தான் வரோணும். மாநிலப் போட்டிக்குப் போனால்தான் விளையாட்டுக் கோட்டாவில் சீட்டு. நான் மாற்றித் தோற்றால் அவளுடைய சீட்டு போகும், மாற்றாமல் ஜெயித்தால் அவளுடைய கை போகும், இரண்டும் ஒரே பிள்ளையுடையது. இதில் எதை நான் எடுத்துக் கொடுப்பது? எனக்கு யார் கொடுத்த அதிகாரம்? பீட்டி டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோது விசில் கொடுத்தார்கள், இதைக் கொடுக்கவில்லை. சீட்டு இன்னொரு வழியில் வரும், ஓடி அலைந்து வாங்கிவிடலாம், கை வராது. அதுகூட எனக்கு நிச்சயமில்லை, சீட்டு வராமலும் போகலாம். ஆனால் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு எப்படி இருக்கிறது தெரியுமா, வாயில் எச்சில் ஊறுகிறது, இந்த வெறி இருக்கிறதே, போன வருடம் ஜீவிதாவின் கையைத் தின்றது இதுதான். கால் நடந்துகொண்டே இருக்கிறது. நல்ல கால்.

வைசாலி பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள், மிட்டாயைப் பிடுங்க வருகிறவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். “ஒரே ஒரு ஆளுதானுங்க மிஸ்.” “தெரியும் கண்ணு.” “கொட்ட தீந்துருச்சுங்களா?” பொய் சொல்லவா, தீர்ந்துவிட்டது என்று சொன்னால் எவ்வளவு சுலபம், கொட்டை மேல் பழியைப் போட்டுவிடலாம். “ஒன்னு இருக்குது. நாந்தான் சரியா எண்ணல. கை வலிக்குதா?” “இல்லீங்க மிஸ். சத்தியமா இல்லீங்க.” எங்கே, பந்தை இந்தக் கையில் கொடு பார்ப்போம் என்று அவள் தலைக்கு மேல் என் கையை உயர்த்தினேன். அவள் பந்தை இடது கைக்கு மாற்றி, அதைத் தூக்கி வைத்தாள். வைத்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது. “எங்கம்மாகிட்ட என்னங்க மிஸ் சொல்லுவேன்?” “நான் சொல்றேன். எல்லாத்தையும் நாந்தான் சொல்லுவேன். நீ முதல் பேஸுக்குப் போ சாமி, பூவிழி இங்க வரட்டும். அங்க கையுறை போட்ட இடது கைக்குத்தான் வேலை.” அவள் போனாள். போகிறபோது மண்ணை உதைத்துக்கொண்டே போனாள், உதை, நன்றாக உதை, என்னை உதைக்கிறதாக நினைத்துக்கொள்.

பூவிழி பத்தாம் வகுப்பு. கட்டை குட்டை, கன்னம் உப்பின முகம், இவள் எறிகிற பந்து கிளம்பி, யோசித்து, வழியில் யாரையாவது விசாரித்துக்கொண்டு வந்து சேரும். பயிற்சியில் பிள்ளைகள் டவுன் பஸ் வருது, வழி விடுங்க என்று கத்துவார்கள். வேகம் கூட்டு, வேகம் கூட்டு என்று நானும் ஆறு மாதம் அவளைப் படுத்தினேன், ஒரு நாள் வைசாலியே அவள் பந்தை அடிக்க முடியாமல் மட்டையைச் சுற்றித் தானே ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தாள், அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். “போட்ருவியா?” “மெதுவாத்தானுங்க மிஸ் போகும்.” “இன்னும் மெதுவாப் போடு.” அவள் சிரித்துவிட்டாள், இந்த நேரத்தில் சிரிக்கிறாள், இவளுக்கு நெஞ்சில் என்ன இருக்கிறது, களிமண்ணா? திரும்பி ஓடினேன். அவர்கள் பக்கத்தில் டிரம் மறுபடி ஆரம்பித்துவிட்டது, வேகக்காரி போய்விட்டாள் என்று ஒரே கும்மாளம். முதல் பந்து. போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, ஏழு இன்னிங்ஸாக வைசாலியின் வேகத்துக்குப் பழகின நெட்டைச்சி பந்து பாதி வழியில் இருக்கும்போதே வீசி முடித்துவிட்டாள். ஸ்ட்ரைக்! ஐயோ என் ராசாத்தி! இரண்டாவது அகலமாகப் போனது, அவள் தொடவில்லை. மூன்றாவது. நெட்டைச்சி இந்தத் தடவை காத்திருந்தாள், காத்திருந்து காத்திருந்து பொறுக்க முடியாமல் பந்தின் தலையில் தட்டினாள், உருண்டது, எங்கே உருள்கிறது, கடவுளே, வேறு ஆளே இல்லையா, இந்துஜாவிடம் உருள்கிறது. மூன்றாவது பேஸில் நின்ற அவர்கள் ஆள் வீட்டைப் பார்த்து ஓடுகிறாள், ஓடட்டும், நெட்டைச்சி முதல் பேஸைத் தொடுவதற்கு முன்னால் பந்து அங்கே போய்விட்டால் அந்த ரன் செல்லாது, ஆட்டம் முடிந்தது. இந்துஜா எடுத்துவிட்டாள். ஆளைப் பார், ஆளைப் பார்டி, நெஞ்சுக்குப் போடு. கத்துகிறேன், குரல் வரவில்லை, வெறும் காற்று வருகிறது. இந்துஜா போட்டாள். தரைக்குப் போட்டாள். மறுபடியும் அந்த வெள்ளைச் சதுரத்துக்கு, அதே குறி, இவளை என்ன செய்தால் தகும். பந்து சதுரத்துக்கு ஒரு முழம் முன்னால் குத்தி எகிறுகிறது, வைசாலி ஒரு கால் பேஸில், இன்னொரு கால் எங்கோ, உடம்பு முழுக்க மண்ணில், இடது கை மட்டும் நீண்டு, புழுதி. ஒன்றும் தெரியவில்லை. நெட்டைச்சி பேஸை மிதித்துக்கொண்டு தாண்டி ஓடிவிட்டாள். அம்பயர் குனிகிறார். புழுதிக்குள்ளிருந்து கையுறை எழும்புகிறது. பந்து அதற்குள் வெள்ளையாக இருக்கிறது. அவுட்! அவுட்! அவுட்!

யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று தெரியாது, இந்துஜா என் கழுத்தில் தொங்குகிறாள், நெஞ்சுக்குத்தானுங்க மிஸ் போட்டேன், கீழ போயிருச்சுங்க என்று அழுதுகொண்டே சிரிக்கிறாள், கையுறைகள் மேலே பறக்கின்றன, பூவிழி நின்ற இடத்திலேயே நின்று யாரோ ஜெயித்ததற்குக் கை தட்டுகிற மாதிரி தட்டுகிறாள். எல்லோருக்கும் இரண்டு கையும் மேலே. வைசாலிக்கு ஒன்றுதான். இடது கை பந்தோடு வானத்தில் ஆடுகிறது, வலது கை சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்குகிறது, முகம் முழுக்கச் சிரிப்பு. ஓடிப்போய் முழங்கையைத் தொட்டேன். அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரிச் சுட்டது. “எப்பருந்து?” “அஞ்சாவதுலருந்துங்க மிஸ்.” சொல்லிவிட்டு மறுபடி கத்தினாள், ஜெயிச்சுட்டோமுங்க மிஸ்! ஆமாம்டி கண்ணு, ஜெயித்துவிட்டோம், ஜெயித்தேவிட்டோம்! மைக்கில் கூப்பிடுகிறார்கள், வெற்றி பெற்ற அணியின் பயிற்சியாளர் கோப்பையைப் பெற்றுக்கொள்ள மேடைக்கு வரவும். போன வருடம் அந்தக் குரலைக் கேட்டு முதல் ஆளாக ஓடினேன். இப்போது வேலியை நோக்கி ஓடுகிறேன், குச்சி ஐஸ் வண்டிக்கு, அண்ணா ஐஸ் வேணும், குச்சி வேண்டாம், பெட்டிக்கு அடியில் இருக்கிற வெறும் ஐஸ் அண்ணா. வண்டியின் மூடி ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஜீவிதா துண்டை விரித்து இடது கையால் ஐஸை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நோட்டு அவள் கக்கத்தில்.

“எண்பத்தொன்னுங்க மிஸ்,” என்றாள். எனக்கு மூச்சு வாங்கியது. மைக் மறுபடி கூப்பிட்டது. “போன வருசம்?” என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். அவள் துண்டின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தாள், ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை, என்னிடம் நீட்டினாள், நான் முடிந்தேன். “நூத்தி இருவத்தி மூணுங்க மிஸ். எறியறப்பவே எண்ணிட்டு இருந்தேன். நீங்க கேப்பீங்கன்னு.” ஐஸ் தண்ணீர் என் முழங்கை வழியாக ஒழுகிச் சட்டைக்குள் போனது. “கரையுது மிஸ், ஓடுங்க,” என்றாள். ஓடினோம், அவள் முன்னால், நான் பின்னால், வலது பையில் கொட்டைகள் கலகலக்க.